கூபர் பீடியில் பாறைக்குள் குடைந்த விடுதி: வயதான தந்தைக்குச் சரிப்படுமா?

தெற்குவாசல்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மெல்பனில் வசிக்கிறோம். வரும் ஜனவரி விடுமுறையில் அடிலெய்டிலிருந்து நடு ஆஸ்திரேலியாவிலுள்ள உலுரு பெரும்பாறை வரை காரில் போவதென்று முடிவு செய்து, நடுவில் ஓப்பல் என்ற ரத்தினக் கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில் தங்க எண்ணியிருக்கிறோம். (பீடி என்றதும் என் மைத்துனர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.) பாறையைக் குடைந்த அறையில்தான் தங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் பிடிவாதம். ஆனால் மதுரையிலிருந்து வந்திருக்கும் என் தந்தைக்கு வயது 72. லிஃப்டில் நான்கு பேர் ஏறிவிட்டால், "நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன்" என்று ஒதுங்கி நிற்பவர். சன்னலே இல்லாத அறையில் அவரால் ஓர் இரவைக் கழிக்க முடியுமா? தங்கியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணல்மேடு:
நாங்கள் 2 இரவுகள் தங்கினோம்; என் மாமியாரும் உடன் வந்திருந்தார். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பூமிக்கடியில் என்றதும் கிணற்றுக்குள் இறங்குவது போல நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அங்குள்ள டக்அவுட்டுகளில் (பாறையைக் குடைந்த வீடுகளையும் விடுதிகளையும் அப்படித்தான் சொல்வார்கள்) பெரும்பாலானவை குன்றின் பக்கவாட்டில் குடையப்பட்டவை என்பதால், தெருவிலிருந்து வாசல் வழியாகச் சமதளமாகவே உள்ளே நடந்து போய்விடலாம். இதைச் சொன்னதுமே என் மாமியாரின் பயத்தில் பாதி போய்விட்டது.

சுவர்கள் இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த மணற்பாறை. குடைந்த இயந்திரத்தின் பற்கள் பதிந்த தடங்கள், ஈரச் சுண்ணாம்பில் சீப்பை இழுத்தது போல, வளைவு வளைவாகக் கூரை வரை போகின்றன. தூசி உதிராமலிருக்க மேலே ஏதோ பூசியிருந்ததால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை. கூரையும் நான் எதிர்பார்த்ததைவிட உயரம். வெளியே வெயில் 40 பாகையைத் தாண்டியிருந்தபோதும் உள்ளே 23, 24 பாகைதான். ஏசியின் உறுமல் இல்லாததால் அந்த அமைதிக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

சிக்கல் இருட்டில்தான். விளக்கை அணைத்தால் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. நள்ளிரவா, விடிந்துவிட்டதா என்று புரியாமல் மாமியார் 3 மணிக்கு எழுந்து குளித்துவிட்டார். ஆகவே இரவு விளக்கு ஒன்றையும், ஒளிரும் முட்களுள்ள கடிகாரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று: விடுதியின் பெயரில் பாறை, குகை என்றெல்லாம் இருந்தாலும், பல இடங்களில் தரைக்கு மேலே சாதாரண அறைகளும் உண்டு. முதலில் நாங்கள் பதிவு செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) குகை அறையின் படத்தைக் காட்டிவிட்டு, சன்னலும் ஏசியும் உள்ள அறையின் சாவியைத் தந்தார்கள். வாதாடிப் பயனில்லை, மறுநாள் வேறு விடுதிக்கு மாறினோம். பதிவு செய்யும்போதே எந்த வகை அறை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சுரங்கத்துப்பிள்ளை:
காற்றைப் பற்றித் தங்கள் தந்தை கேட்பார் என்பதால் சொல்கிறேன். அறையிலிருந்து குன்றின் உச்சி வரை குழாய் போலத் துளையிட்டுக் காற்றுப்போக்கு வைத்திருப்பார்கள். ஊரை மேலிருந்து பார்த்தால் வெறும் மண்மேட்டில் குழாய்கள் முளைத்திருப்பது அதனால்தான். பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், பகலின் கொதிப்பும் குளிர்கால இரவின் குளிரும் உள்ளே எட்டுவதில்லை. 1915இல் ஓப்பல் கண்டெடுக்கப்பட்ட பிறகு, கல்லுக்காகத் தோண்டிய பள்ளங்களிலேயே மக்கள் குடியேறினார்கள். பழங்குடியினர் சொன்ன 'குபா பிட்டி', அதாவது வெள்ளைக்காரர் குழி, என்பதே ஊர்ப்பெயராயிற்று என்பார்கள்.

குளியலறையும் கழிவறையும் தண்ணீர்க் குழாய் வசதிக்காக வாசல் பக்கத்தில் அமைந்திருப்பது அங்கே சகஜம். சில மலிவான விடுதிகளில் அவை பொதுவானவை. இருட்டில் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். பெரியவர் வருவதால் இதையும் கேட்டுவிடுங்கள். ஊர்த் தண்ணீர் தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து உப்பு நீக்கி வருவது. குளியலைச் சுருக்கமாக முடித்துக்கொள்வது மரியாதை.

நெடுஞ்சாலை:
அறையைவிடச் சாலையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டாமல், வழியிலுள்ள போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அதற்கு அப்பால் வரும் கிளென்டாம்போ என்ற சிற்றூரை விட்டால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. இருட்டிய பின் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும் என்பதால், வாடகைக் கார் நிறுவனங்கள் சில இரவில் ஓட்டவே அனுமதிப்பதில்லை. ஊரைச் சுற்றி மூடப்படாத சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படம் எடுப்பதற்காகப் பிள்ளைகள் பின்னோக்கி நடக்கவே கூடாது. இதற்கென்றே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஜனவரி அங்கே கோடைக்காலம் என்பதால் பகல் முழுவதும் உள்ளேயே இருந்துவிட்டு, மாலையில் மட்டும் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரேக்அவேஸ் குன்றுகளுக்குப் போய் வாருங்கள். முகத்தில் மொய்க்கும் ஈக்களுக்கு வலைத்தொப்பி அவசியம்.

தெற்குவாசல்:
மூவருக்கும் மிக்க நன்றி. சமதளமாக நடந்து போகலாம் என்று தந்தையிடம் சொன்னேன். "கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமல்லவா?" என்று மட்டும் கேட்டார். எதற்கும் ஒரே விடுதியில் குகை அறை ஒன்றும் மேலே சன்னல் உள்ள அறை ஒன்றுமாகப் பதிவு செய்து, இரண்டையும் எழுத்தில் உறுதி செய்து வாங்கிவிட்டேன். போர்ட் அகஸ்டாவிலும் அறை எடுத்தாயிற்று. மணல்மேடு, கூபர் பீடியில் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

மணல்மேடு:
பீட்சா கிடைத்தது. மற்றபடி அடிலெய்டிலேயே சிறிய குக்கர் ஒன்றையும் அரிசி, பருப்பு, ஊறுகாயையும் வாங்கிக்கொண்டு போனோம். சமையல் வசதியுள்ள அறையா என்று இப்போதே கேளுங்கள். குகைக்குள் தாளிக்க விடமாட்டார்கள்.