ஸ்கெட்ச்அப் ஜன்னல்: குத்தம் கண்ணாடி மேலயா, சுவர் மேலயா?

சேர்வராயன்_3டி
ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் ஒரு காட்டேஜ், ஸ்கெட்ச்அப்ங்கிற 3டி மென்பொருள்ல மாடல் பண்றேன். சுவர் 9 இஞ்ச், அதாவது 230 மிமீ. 4×4 அடி டூ டிராக் ஸ்லைடிங் ஜன்னல் 12, அதுல ஆறு வடக்குப் பக்கம். ஜன்னல் எல்லாம் வேர்ஹவுஸ்ல, அதாவது ஸ்கெட்ச்அப்போட ஆன்லைன் மாடல் கிடங்குல எடுத்த காம்பொனன்ட் (ரெடிமேட் பாகம்). கண்ணாடிக்கு நீலக் கிளாஸ் மெட்டீரியல் அடிச்சு ஒப்பாசிட்டி (ஒளி புகாத அளவு, 100ன்னா முழு அடைப்பு) 20 வச்சாச்சு. அப்படியும் வெளியிலிருந்து பார்த்தா சாம்பல் பலகை மாதிரிதான் நிக்குது. கண்ணாடிக்குத் தடிமன் கொடுக்கணுமா, ஒத்தை ஃபேஸ் (தடிமன் இல்லாத ஒரு தளம்) போதுமா?

அஞ்சுரோடு_டிராஃப்டிங்
ஒத்தை ஃபேஸ் தாராளமா போதும். ஆனா உங்க பிரச்சனை அது இல்லைங்க. முதல்ல கண்ணாடியை ரைட் கிளிக் பண்ணி ஹைட் கொடுங்க. அப்பவும் சாம்பலாவே இருந்தா கண்ணாடி மேல குத்தம் இல்லை, பின்னாடி சுவர் நிக்குது.

ஜன்னல் காம்பொனன்ட்டில் 'கட் ஓப்பனிங்' (சுவரைத் தானா வெட்டுற வசதி) இருந்தாலும் அது எந்த ஃபேஸ்ல ஒட்டியிருக்கோ அந்த ஒரு ஃபேஸை மட்டும்தான் வெட்டும். 9 இஞ்ச் சுவருக்கு உள்ளே இன்னொரு ஃபேஸ் இருக்கு, அது அப்படியே நிக்கும். 20 ஒப்பாசிட்டி வழியா நீங்க பார்க்கிறது அந்த உள் ஃபேஸோட முதுகை.

சுவர் குரூப்புக்குள்ள (ஒண்ணாக் கட்டி வச்ச ஃபேஸ்கள்) போய் வெளி ஃபேஸ்ல 1200×1200 செவ்வகம் போடுங்க. புஷ்-புல்ல (ஃபேஸை இழுக்குற, தள்ளுற கருவி) 230 உள்ளே தள்ளுங்க. 'ஆன் ஃபேஸ்'னு காட்டுற இடத்துல விட்டா ஓட்டை விழும். விழலைன்னா ரெண்டு காரணம்தான்: உள் ஃபேஸும் வெளி ஃபேஸும் இணையா இல்லை, இல்லைன்னா ரெண்டும் வேற வேற குரூப்பில் கிடக்கு.

மூக்கனேரி
சுவர் விஷயத்துல அஞ்சுரோடு அண்ணா சொல்றது சரி. 'ஒத்தை ஃபேஸ் போதும்'ங்கிறதை ஒத்துக்க முடியாது. வீ-ரேக்கு (மாடலை நிஜப் படம் மாதிரி ஆக்குற ரெண்டர் மென்பொருள்) போனா மாட்டிக்குவீங்க. ரிஃப்ராக்‌ஷன் (ஒளிவிலகல்) போட்ட கண்ணாடிக்குள்ள கதிர் நுழையும்போது வளையும். வெளியே வர இன்னொரு ஃபேஸ் இல்லைன்னா ரெண்டரர் கணக்குல அறை முழுக்கக் கண்ணாடிதான். உள்ளே இருக்கிற கட்டில் இடம் மாறித் தெரியும். ஃபாக் கலர்ல (கண்ணாடிக்குள்ள இருக்கிற சாயம்) லேசா பச்சை வச்சிருந்தா 14 அடி அறை 14 அடிப் பச்சைக் கண்ணாடியா இருண்டு போகும். 5 மிமீ தடிமன் கொடுங்க, ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.52 வைங்க. கண்ணாடியோட ஆறு பக்கமும் ஒரே மெட்டீரியலா இருக்கட்டும்.

அஞ்சுரோடு_டிராஃப்டிங்
கேள்வி ஸ்கெட்ச்அப் திரையைப் பத்தி, நீங்க ரெண்டருக்குத் தாவிட்டீங்க தம்பி. திரையில தடிமன் என்ன பண்ணும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒப்பாசிட்டி 30 உள்ள ஒரு ஃபேஸ் 70 பங்கு விடும். தடிமன் கொடுத்தா ரெண்டு ஃபேஸ்: 0.7 × 0.7 = 0.49. பாதி போச்சு. ஸ்லைடிங்ல ரெண்டு ஷட்டரும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கிற இடத்துல நாலு ஃபேஸ், 0.24தான். ஜன்னல் திறந்திருக்குன்னு காட்ட ஷட்டரைத் தள்ளி வைப்பீங்க, அந்தப் பாதி மட்டும் கன்னங்கரேல்னு நிக்கும். தடிமன் வேணும்னா ஒப்பாசிட்டியை 16க்கு இறக்குங்க, அப்பத்தான் ரெண்டும் சேர்ந்து 30 மாதிரி தெரியும்.

வீ-ரேயிலும் ஒத்தை ஃபேஸுக்கு வழி இருக்கு. ரிஃப்ராக்‌ஷன் ஐஓஆர் 1, ரிஃப்ளெக்‌ஷன் ஐஓஆர் தனியா 1.5, ஃபாக் வெள்ளை. கதிர் வளையாது, பிரதிபலிப்பு மட்டும் கண்ணாடி மாதிரி வரும்.

மூக்கனேரி
அது வெறும் பிளெய்ன் கிளாஸுக்குச் சரி. காட்டேஜ்ல பால்கனி கைப்பிடிக்கு 12 மிமீ டஃபன்ட் (கடினமாக்கின கண்ணாடி) வைப்பாங்க. அதோட விளிம்புல தெரியிற பச்சைக் கோடு தடிமன் இல்லாம வராது.

தடிமன் வச்சா டிரேஸ் டெப்த்தையும் (கதிர் எத்தனை ஃபேஸைத் தாண்டலாம்ங்கிற வரம்பு) ஏத்தணும், இதை நிறையப் பேர் விட்டுடறாங்க. 5ல இருந்தா, மூலை அறையில ரெண்டு ஜன்னல் வழியா ஊடுருவிப் பார்க்கும்போது ஷட்டர் சேர்ற இடத்துல 8 ஃபேஸ் ஆயிடும், கறுப்பா நின்னுடும். 10 வைங்க. 'அஃபெக்ட் ஷேடோஸ்' (கண்ணாடி நிழல் போடாம வெளிச்சத்தை விடுற ஆப்ஷன்) டிக் இல்லைன்னா அறைக்குள்ள வெயிலே விழாது.

குரங்குச்சாவடி
ரெண்டு பேரும் கண்ணாடின்னா உள்ளே தெரியணும்னே வச்சுக்கிட்டுச் சண்டை போடறீங்க. பகல்ல ரோட்டுல நின்னு ஒரு வீட்டு ஜன்னலைப் பாருங்க, உள்ளே என்ன தெரியுது? வெளியே உச்சி வெயில் லட்சம் லக்ஸ் தொடும், அறைக்குள்ள சில நூறுதான். கண்ணாடி தன் மேல விழுறதுல நூத்துக்கு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். அந்த எட்டே உள்ளே இருக்கிற வெளிச்சத்தை அமுக்கிடும். ஜன்னல் கறுப்பா, அதுல வானமும் சில்வர் ஓக் மரமும் தெரியும். ஒப்பாசிட்டி 20 வச்ச எலிவேஷன் (வெளிமுகத் தோற்றம்) கண்ணாடி போடாத வீடு மாதிரிதான் இருக்கும். வெளி வியூவுக்கு அடர் சாம்பல் நீலம், ஒப்பாசிட்டி 75. உள் வியூவுக்கு மட்டும் 15.

மூக்கனேரி
75 வச்சா ஸ்கெட்ச்அப் நிழல் கெட்டுப்போகும் சார். மெட்டீரியல் ஒப்பாசிட்டி 70ஐத் தொட்டா அந்த ஃபேஸ் முழு நிழல் போடும், 70க்குக் கீழே நிழலே கிடையாது. நடுவுல அரை நிழல்னு ஒண்ணு இல்லை. தரையில விழ வேண்டிய வெயில் கட்டம் காணாமப் போயிடும்.

குரங்குச்சாவடி
அதுக்குத்தான் டேக் (பாகங்களைக் காட்டவும் மறைக்கவும் உதவுற லேபிள்). வெளிக் கண்ணாடி ஒரு குரூப், உள் கண்ணாடி ஒரு குரூப், நடுவுல 10 மிமீ இடைவெளி. ஆளுக்கு ஒரு டேக். எலிவேஷன் சீன்ல (சேமிச்சு வச்ச வியூ) ஒண்ணு ஆன், உள் சீன்ல இன்னொண்ணு ஆன். மெட்டீரியலை சீன் ஞாபகம் வச்சுக்காது, டேக்கை வச்சுக்கும். ரெண்டையும் ஒரே தளத்துல வச்சுட்டு மினுமினுங்குதுன்னு வந்து கேட்காதீங்க. எலிவேஷன்ல அறைக்குள்ள வெயில் யாருக்கு வேணும்? அதுவும் அந்த வடக்கு ஜன்னல் ஆறுக்கு வெயிலே கிடையாது.

மூக்கனேரி
வடக்குக்கு வெயில் கிடையாதுன்னு எந்த ஊர்ல சொல்றீங்க? ஏற்காடு 11.8 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிக்கும். ஜூன் 21 மதியம் உயரம் 78 டிகிரி, அதனால 2 அடி சன்ஷேட் இருந்தா மதிய வெயில் தடைபடும். காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் சாய்வா உள்ளே வரும், அதை சன்ஷேட் முழுசாத் தடுக்காது.

உங்க மாடல்ல வரலைன்னா லொகேஷன் வைக்கலைன்னு அர்த்தம். வைக்காத மாடலை ஸ்கெட்ச்அப் அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து போல்டர் ஊர்லயே வச்சிருக்கும். அங்கே 40 டிகிரி, மதியச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான்.

குரங்குச்சாவடி
லொகேஷன் விஷயம் சரி, வாபஸ். 75 வாபஸ் இல்லை.

ஜங்ஷன்_ரெவிட்
ரெவிட்ல (இன்னொரு கட்டிட மாடல் மென்பொருள்) இருக்கிறவங்களுக்கு ஒரு வரி: மெட்டீரியல்ல கிராஃபிக்ஸ் தாவல் வேற, அப்பியரன்ஸ் தாவல் வேற. ஷேடட் வியூ முதல்ல சொன்னதைப் படிக்கும், ரியலிஸ்டிக் வியூ ரெண்டாவதை. ஒண்ணுல டிரான்ஸ்பரன்சி ஏத்திட்டு இன்னொண்ணுல தேடிட்டு இருக்காதீங்க.

சேர்வராயன்_3டி
ஹைட் பண்ணிப் பார்த்தேன், சாம்பல் அப்படியே இருந்துச்சு. சுவர்தான். 12 ஓட்டையும் போட்டாச்சு, பத்து ஜன்னல் தெளிஞ்சுடுச்சு. வேற மாடல் காம்பொனன்ட் போட்ட ரெண்டு ஜன்னல் மட்டும் வெளியிலிருந்து தெரியுது, உள்ளேயிருந்து வெள்ளையா அடைச்சிருக்கு.

அஞ்சுரோடு_டிராஃப்டிங்
அந்தக் காம்பொனன்ட் செஞ்சவங்க கண்ணாடி ஃபேஸோட பின்பக்கம் வெள்ளை அடிச்சு வச்சிருக்காங்க. ஃபேஸுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கம் டிரான்ஸ்பரன்ட், மறுபக்கம் டிஃபால்ட்டுன்னா ரெண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். மறுபக்கம் ஏதாவது பெயின்ட் இருந்தா அந்தப் பக்கம் அடைச்சுக்கும். காம்பொனன்ட்டுக்கு வெளியே நின்னு பெயின்ட் பக்கெட் கொட்டினா டிஃபால்ட் ஃபேஸ்தான் மாறும், இது மாறாது. டபுள் கிளிக் பண்ணி உள்ளே போங்க, ஆல்ட் பிடிச்சு முன்பக்கத்து மெட்டீரியலை எடுத்துப் பின்பக்கம் அடிங்க. ஷிஃப்ட் பிடிக்காதீங்க. பிடிச்சா அதே வெள்ளையில இருக்கிற யுபிவிசி ஃபிரேமும் சேர்ந்து கண்ணாடியாயிடும்.

சேர்வராயன்_3டி
அதேதான், பின்பக்கம் வெள்ளை. ஆல்ட் வச்சு மாத்தியாச்சு. ஒத்தை ஃபேஸ்தான் விட்டிருக்கேன், ஒப்பாசிட்டி 25. கைப்பிடிக்கு மட்டும் 12 மிமீ.

மூக்கனேரி
ரெண்டருக்கு அனுப்பும்போது அந்த ஒத்தை ஃபேஸுக்கு ஐஓஆர் 1 வைக்க மறந்துடாதீங்க. கைப்பிடிக்கு 1.52. ரெண்டுக்கும் ஒரே மெட்டீரியல் போட்டிருந்தா இப்பவே பிரிச்சுடுங்க.