நகை டிசைன்: பின்பக்கத்தை யார் வரைவது?

புதுக்கை:
வணக்கம். இரண்டு வருடமாக நகை டிசைன் வரைகிறேன். வரைபடம் அழகாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பட்டறைக்குப் போன தோடு வேறு ஏதோவாகத் திரும்பி வருகிறது. கனம் ஒருபக்கம், காதில் போட்டால் முன்னால் தலைகவிழ்கிறது. செய்தவரைக் கேட்டால், "நீங்க வரைஞ்சதைத்தான் செஞ்சேன்" என்கிறார். நான் எங்கே கோட்டை விடுகிறேன்? கேட் (CAD, கணினியில் நகையை வரையும் மென்பொருள்) கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்றும் பயமாக இருக்கிறது.

திரைமுன்:
கேட் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். எந்த உலோகத்தில் எவ்வளவு எடை வரும் என்பது திரையிலேயே தெரிந்துவிடும். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அரத்தூள்:
கேட் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நோய்க்கு மருந்து அது இல்லை. ஒன்று கேட்கிறேன்: அந்தத் தோட்டின் பின்பக்கத்தை வரைந்தீர்களா? இல்லையென்றால் தண்டு (காதுத் துளையில் நுழையும் கம்பி) எங்கே வர வேண்டும் என்பதைச் செய்தவர்தான் முடிவு செய்திருப்பார். அவர் நடுவில் வைத்திருப்பார். தோட்டின் எடை கீழ்ப்பாதியில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும், தண்டு அதைவிட மேலே இருந்தால்தான் தோடு காதோடு ஒட்டி நிற்கும்.

எனக்கு இது புத்தியில் ஏறியது ஒரு பதக்கத்தால். சொந்தமாக விற்ற முதல் உருப்படி, மேலே அகன்று கீழே கூர்மையாகும் ஓர் இலை. சங்கிலி நுழையும் வளையத்தைப் பின்னால் சரியாக நடுவில் வைத்திருந்தேன். வாங்கியவர் ஒரே மாதத்தில் கொண்டுவந்து, "இது எனக்கு முதுகைத்தான் காட்டுது" என்றார். கனம் முழுக்க மேலே, வளையம் அதற்குக் கீழே. கவிழாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து பின்பக்கத்தைத்தான் முதலில் வரைகிறேன். தண்டு, கொக்கி, எடையைக் குறைக்க எங்கே குடைவது, கல்லுக்கு அடியில் எவ்வளவு திறப்பு விடுவது (விடாவிட்டால் சோப்பு அழுக்கு சேர்ந்து கல் மங்கும், கழுவவும் வழியிருக்காது). முகப்பு அப்புறம்.

கனத்துக்கு ஒரு கணக்கு. வார்ப்பு நகையை முதலில் மெழுகில் செய்து, அதே வடிவத்தை உலோகத்தில் வார்ப்போம். மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவுதான். மெழுகில் 2 கிராம் இருக்கும் மோதிரம் ஸ்டெர்லிங் வெள்ளியில் 20 கிராமைத் தாண்டும், 18 காரட் தங்கத்தில் 30 கிராம் பக்கம் போகும். மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு "லேசாத்தானே இருக்கு" என்று ஏமாறாதவர்கள் கிடையாது.

ஆகவே நான் பித்தளைத் தகட்டில் ஒரு மாதிரி அறுத்து, ஒரு வாரம் நானே போட்டுக்கொள்வேன். எடை வெள்ளியைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். தலை துவட்டும்போது துண்டில் மாட்டும், தூங்கும்போது கழுத்தில் குத்தும். காகிதத்தில் இதெல்லாம் வராது. நகை வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டி 1970களில் செய்த எலும்பு வடிவக் கைக்காப்பை இடது மணிக்கட்டுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாகச் செய்தார்கள். மணிக்கட்டு எலும்பு இரண்டு கையிலும் ஒரே பக்கமா துருத்துகிறது? எனக்கு டிசைன் என்றால் அதுதான்.

பிழைப்பைப் பற்றி: முதல் மூன்று வருடம் எனக்கு யாரும் பென்சில் தரவில்லை. வார்ப்பில் வந்த மோதிரங்களில், உலோகம் ஊற்றிய வழியில் மிஞ்சிய காம்பை அறுப்பது, அரம் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது. அப்புறம் ஆறு வருடம் பிறர் பெயரில் டிசைன். சம்பளத்துக்கு வரைந்தது பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, என் நல்ல டிசைன்களை நானே காட்ட முடியாமல் நின்றிருக்கிறேன். நீங்கள் வேலை தேடும்போது நாற்பது படங்களைக் கொண்டுபோக வேண்டாம். செய்து முடித்த ஐந்து உருப்படி போதும், திருப்பிப் பார்க்கிற மாதிரி.

புதுக்கை:
அக்கா, இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். தண்டு நட்டநடுவில்! அறுத்து மேலே பற்றவைத்தால் போதுமா? முன்னால் ஒரு முத்து இருக்கிறது.

அரத்தூள்:
முத்தைக் கழற்றாமல் தீ பக்கமே போகாதீர்கள், கருகிவிடும். கழற்றிவிட்டுத் தண்டை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். முதலில் களிமண்ணால் தற்காலிகமாக ஒட்டி, ஒரு விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள். நேராக நின்றால் மட்டும் பற்றவையுங்கள்.