ஓப்பன் வேர்ல்டுக்குத் தமிழ்: உலாவுலகா, திறவுலகா?

லாஸ்பேட்டையிலிருந்து, திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை காலை ஊடகவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். வீடியோ கேம்கள் ஒரு காலகட்டத்தை எப்படிக் கட்டி எழுப்புகின்றன என்பது பாடம். எடுத்துக்காட்டாக 2004-இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டை எடுத்திருக்கிறேன். கதை நடக்கும் ஆண்டு 1992. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் வேகஸ் ஆகிய மூன்றின் சாயலில் லாஸ் சாண்டோஸ், சான் ஃபியரோ, லாஸ் வென்ச்சுராஸ் என்று மூன்று நகரங்களையும், இடையில் மலையையும் பாலைவனத்தையும் அமைத்து, அதற்குள் ஆட்டக்காரரை இறக்கிவிடுகிறார்கள். அவர் கதை ஒப்படைக்கும் வேலையைச் செய்யலாம்; செய்யாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். மாணவர்கள் இதை 'ஓப்பன் வேர்ல்டு' என்கிறார்கள்.

பாடக்குறிப்பைத் தமிழில் அச்சிட்டுத் தருவதென்று துறையில் முடிவாகியிருக்கிறது. 'திறந்த உலகம்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ பூட்ட மறந்துவிட்டுப் போன உலகம் போலத் தொனிக்கிறது. வியாழன் மதியத்துக்குள் படியெடுக்கக் கொடுத்தாக வேண்டும். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, தங்கள் தயக்கம் நியாயமானதே. 'திறந்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நடந்து முடிந்த செயலைச் சொல்வது. 'வெளி'யோடு சேர்ந்து பழகிவிட்டதால் அரங்கம், சிறைச்சாலை, கழிப்பிடம் எல்லாவற்றையும் ஒருசேர நினைவுக்குக் கொண்டுவரும். உலகத்தைத் திறந்தவர் யாரென்று நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? உள்ளே போனவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அவர் உலாவுகிறார். ஆகவே 'உலாவுலகு'.

'உலகம்' என்பது 'லோகம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பாரை மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் ஏற்கவில்லை. வளைதற் கருத்திலிருந்து உலவு, உலகு என்று வருவித்துக் காட்டினார். எனவே இச்சொல்லின் இரு பாதியும் ஒரே குடும்பம். போதாக்குறைக்கு 'உலா' என்று ஒரு சிற்றிலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்க்கும் பாடிய மூவருலாவை இக்குழுவில் அறியாதார் இல்லை. தலைவன் நகர வீதியில் வருகிறான். வீதி முழுதும் அவனைச் சுற்றி இயங்குகிறது. இந்த விளையாட்டு வேறென்ன?

முத்தியால்பேட்டையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயாவுக்கு வணக்கம். நான் மென்பொருள் எழுதுபவன்; இலக்கணத்தில் தங்களோடு மோதும் துணிவு எனக்கில்லை. ஆனால் இணையத்தளங்களைப் பார்க்கும் மென்பொருளுக்கு 'உலாவி' என்று பெயர் வைத்து அது நிலைத்தும் விட்டது. 'உலாவுலகு' என்று எழுதினால், உலாவிக்குள்ளேயே ஓடும் விளையாட்டு என்றுதான் எங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள்; அப்படி ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது. மேலும், உலவு என்பதிலிருந்துதான் உலகு பிறந்தது என்றால், 'உலாவுலகு' ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியதாகிவிடாதா?

உலா இலக்கியத்தை நான் கல்லூரியில் படித்ததோடு சரி. ஆயினும் அதில் தலைவன் எந்தத் தெருவில் திரும்புவது என்று தானே முடிவு செய்வதில்லை என்பது நினைவிருக்கிறது. அவன் வருகிறான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் அவனைப் பார்க்கிறார்கள். இங்கே பார்ப்பவர் ஆட்டக்காரர். தெருவை முடிவு செய்பவரும் அவரே.

என் கருத்து: 'ஓப்பன் வேர்ல்டு' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியர் அன்றே வாசலை விட்டு வைத்திருக்கிறார். மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லை மறக்கச் சொல்லிவிட்டுத் தெரியாத சொல்லைக் கற்பிப்பதால் யாருக்கு நன்மை?

வில்லியனூரிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி சொன்ன நூற்பாவில் 'எழுத்தொடு புணர்ந்த' என்பதை அழுத்தி வாசிக்க வேண்டும். 'வேர்ல்டு' என்பதில் ரகர மெய், லகர மெய், டகரம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ் எழுத்தொடு அது எங்கே புணர்ந்திருக்கிறது? எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

பெயரெச்சம்தான் தொல்லை என்றால் வினைத்தொகைக்குப் போவோம். ஊறுகாய், சுடுசோறு போலக் காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்க, 'திறவுலகு'. திறந்த உலகு, திறக்கின்ற உலகு, திறக்கும் உலகு என்று மூன்று காலத்துக்கும் விரியும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அம்மா எடுத்துக்கொண்ட விளையாட்டையே பாருங்கள். தொடக்கத்தில் லாஸ் சாண்டோஸும் அதைச் சுற்றிய நாட்டுப்புறமும் மட்டுமே நமக்கு. கதையில் முன்னேறாமல் சான் ஃபியரோவுக்குள் வண்டியை விட்டால் உடனே நான்கு நட்சத்திர அளவுக்குப் போலீஸ் துரத்தும் (நட்சத்திரம் கூடக் கூடத் துரத்தலும் கடுமையாகும்). கதை நகர நகரத்தான் மற்ற நகரங்கள் விடுபடும். அதாவது அந்த உலகில் ஒரு பகுதி திறந்தது, ஒரு பகுதி திறப்பது, ஒரு பகுதி இனித் திறக்கும். இதைவிடப் பொருத்தமான வினைத்தொகையை நான் அண்மையில் பார்க்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, புதன் விடியற்காலை

இரவெல்லாம் யோசித்தேன். வில்லியனூர் நண்பரின் சொல் கவர்ச்சியானதுதான். ஆனால் அது வினைத்தொகை என்று எப்படித் துணிகிறார்? 'திற' என்னும் பகுதியோடு 'உலகு' சேர்ந்தால் வகர உடம்படுமெய் பெற்றுத் 'திறவுலகு' ஆகும். 'திறவு' என்னும் தொழிற்பெயரோடு சேர்ந்தாலோ, நன்னூல் 164-ஆம் நூற்பா 'முற்றும் அற்று ஒரோவழி' என்று இடம் தருவதால், 'கதவழகிது' போல உகரம் கெட்டு அப்போதும் 'திறவுலகு'தான். படிப்பவர் முதலில் நினைப்பது 'திறவுகோ'லைத்தான். ஆக, பூட்டும் சாவியும் பற்றிய உலகம் என்றே அவர் மனத்தில் பதியும். (சாவி போர்த்துகீசியச் சொல் என்பதையும், ஈழத்தில் இன்றும் 'திறப்பு' என்று அழகாக வழங்குவதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.)

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு: நேற்றிரவு பேரனை விட்டு அந்த விளையாட்டை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். நாயகன் தலைமுடியையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு வீதியில் நடந்தால் நடைபாதையில் போவோர் அவனைப் பார்த்து ஏதேனும் சொல்கிறார்கள். உடம்பு பெருத்தால் கிண்டல் செய்கிறார்கள். ஏழு பருவத்தார் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பவன் தலைவன் மட்டுமே என்று தாங்கள் சொன்னது தவறு. அது உலாவேதான்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, புதன் மதியம்

மூன்று நாளாக மடல்களைப் படித்துவருகிறேன். 90-களைப் பற்றிய வகுப்புக்குச் சொல் கேட்டார் அம்மா. அந்த விளையாட்டை 90-கள் ஆக்குவது எது என்று ஒருவரும் பேசவில்லை. அது பாட்டு. காரில் ஏறினால் வானொலி பாடும். மொத்தம் 11 நிலையங்கள், அவற்றில் ஒன்று வெறும் பேச்சு. மேற்குக் கடற்கரை ராப் இசைக்கு ஒன்று, மாற்று ராக் இசைக்கு ஒன்று, ரெகே இசைக்கு ஒன்று. ஆனால் கூர்ந்து கேட்டால், கணிசமான பாடல்கள் 1992-ஐச் சேர்ந்தவையே அல்ல. நாட்டுப்புறப் பாடல் நிலையத்திலும் பழைய ராக் நிலையத்திலும் ஃபங்க் நிலையத்திலும் ஓடுபவை அதற்குப் பத்து, இருபது ஆண்டு முந்தியவை. அந்தக் காலத்தை உண்மையாக்குவதே அதுதான் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். 90-களில் நான் கடலூரில் கேசட் கடை வைத்திருந்தேன். 1992, ஏ.ஆர். ரகுமான் இசையமைப்பாளராக அறிமுகமான ஆண்டு. அந்தப் பாடல்களுக்காகக் கடையில் கூட்டம் நின்றது உண்மை. ஆனால் வெற்றுக் கேசட்டோடு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர் கேட்டது விசுவநாதனையும் 80-களின் இளையராஜாவையும்தான். 90 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், ஒன்பது பத்துப் பாட்டு அடங்கும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் நேரத்தைக் கூட்டிப் பார்த்து வரிசை போடுவதுதான் தொழில். பதிந்து முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பல் இரண்டையும் உடைத்துக் கொடுப்பேன்; அதன் பிறகு யாரும் தவறுதலாகக்கூட அதன்மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது. கடலூர் – புதுச்சேரி தனியார் பேருந்துகளில் ஓட்டுநர்கள் வைத்திருந்த கேசட்டுகளில் என் கையெழுத்து நிறையப் போயிருக்கிறது. முள்ளோடை தாண்டும்போது 60-களின் பாட்டும் அரியாங்குப்பத்தில் அந்த வாரத்துப் பாட்டும் கேட்கும். அதுதான் 1992.

இன்னொன்று. அந்த விளையாட்டின் கணினிப் பதிப்பில் 2014-இல் ஒரு புதுப்பிப்பின்போது, உரிமக் காலம் முடிந்த பாடல்கள் சிலவற்றை நீக்கிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குக் கடைக்காரரே வந்து கேசட்டிலிருந்து பாட்டை அழித்துவிட்டுப் போவது போன்றது இது. உடைத்து வைக்க அதற்குப் பல்லும் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை' என்று கருப்பொருளை அடுக்கும்போது, பறையையும் யாழையும் தெய்வத்தோடும் உணவோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். லாஸ் சாண்டோஸும் 1992-உம் முதற்பொருள், வானொலியும் வண்டியும் உடையும் கருப்பொருள் என்று மாணவர்களுக்குச் சொன்னால் ஒரு நொடியில் விளங்கும். அந்த விளையாட்டு வகைக்கு, எங்கள் ஊரில் வேலை வெட்டி இல்லாமல் திரிபவனைச் சொல்லும் சொல்லே போதும்: 'ஊர்சுற்றி ஆட்டம்'. விளக்கவுரை தேவைப்படாத ஒரே சொல் இதுதான்.

வில்லியனூரிலிருந்து, புதன் இரவு

கருப்பொருள் விளக்கம் அருமை. அதை அம்மா கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'ஊர்சுற்றி' வசைச்சொல். நாளை ஒரு மாணவர் இத்துறையில் ஆய்வு செய்து பட்டம் வாங்கினால், தலைப்பில் 'ஊர்சுற்றி' என்று போட எந்தப் பல்கலைக்கழகம் ஒப்பும்? மேலும் ஊரைச் சுற்றுவது ஆட்டக்காரர். நமக்குப் பெயர் வேண்டியது உலகுக்கு.

முத்தியால்பேட்டையிலிருந்து, வியாழன் காலை

அம்மாவுக்கு இன்னும் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது. தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும். இதே வரிசையில் 2002-இல் வந்த முந்தைய விளையாட்டில், ஒரு தீவிலிருந்து மற்றதற்குப் பாலம் கடக்கும்போது ஆட்டம் நின்று, திரையில் ஏற்றப்படுவதாகக் காட்டிவிட்டுத்தான் தொடரும். சான் ஆண்ட்ரியாஸில் நகரத்திலிருந்து நகரத்துக்கு அந்தத் தடை இல்லை; நாம் ஓட்ட ஓட்ட, முன்னால் வரும் நிலத்தை விளையாட்டின் வட்டிலிருந்து (டிஸ்க்) படித்துக்கொண்டே வரும். அந்த வகையில், வேண்டாவெறுப்பாகச் சொல்கிறேன், திறக்கின்ற உலகு என்பது பொருந்துகிறது. என் வாக்கு 'திறந்த உலக'த்துக்கே. படிப்பவர் அதை உடனே ஆங்கிலத்துக்குத் திருப்பிப் புரிந்துகொள்வார். 'திறவுலகு' என்று போட்டால் எதிர்க்க மாட்டேன். மூலச்சொல்லை ஒருமுறையாவது தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து, வெள்ளி மாலை

அனைவருக்கும் நன்றி. வியாழன் மதியம் வரை எண்ணியதில் 'திறந்த உலகம்' நான்கு, 'திறவுலகு' மூன்று, 'உலாவுலகு' ஒன்று, 'ஊர்சுற்றி ஆட்டம்' ஒன்று. இதை முடிவு என்று சொல்ல மனம் வரவில்லை. பாடத்தின் உடலில் 'திறந்த உலகம்' என்றும், முதல் பக்கத்தின் அடியில் 'திறவுலகு எனவும் வழங்கலாம்' என்றும் அச்சிட்டேன். 'வழங்கலாம்' என்பது சற்று அதிகம். இதுவரை வழங்கியவர் வில்லியனூர் ஐயா ஒருவரே.

முதற்பொருள், கருப்பொருள் என்று கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. காவலர்கள் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கின் தீர்ப்பையும், 1992 ஏப்ரல் 29-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூண்ட கலவரத்தையும், அதன் நிழல் விளையாட்டின் இறுதிப் பகுதியில் விழுவதையும் சொன்னேன். பிறகு, புதுச்சேரியில் 1992-ஐக் கட்டுவதென்றால் கருப்பொருளாக எவற்றை வைப்பீர்கள் என்று கேட்டேன். புதுவை வானொலி, பேருந்துக் கேசட், கடற்கரைச் சாலை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. வகுப்பு முடிந்து வாங்கிய தாள்களில் பெரும்பாலோர் 'ஓப்பன் வேர்ல்டு' என்றே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பெண் 'திறவுலகு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, ஞாயிறு காலை

அம்மா, வாக்கெடுப்பை ஏற்கிறேன்; முடிவை ஏற்கவில்லை. என் மறுப்பைக் குழுவின் சேமிப்பில் வைத்துவிடுங்கள்.

நேற்று மாலை பேரன் மறுபடி அந்த விளையாட்டை ஓட்டினான். சாண்டா மரியா கடற்கரைப் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டான். துரத்துவார் இல்லை, வேலையும் இல்லை. வானொலியில் ஏதோ ஒரு பாட்டு. அது முடியும் வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏனடா நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது தாத்தா என்றான். அவன் உலாவவும் இல்லை, எதையும் திறக்கவும் இல்லை. அதற்கு என்ன சொல் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் எழுதுகிறேன்.