நூறு ஆண்டு கழித்து வரும் சேதம் எங்கள் கணக்கில் வெறும் 2 ஆகிவிடுகிறது. எப்படி வாதாடுவது?

கேள்வி:
மழைநீர் வடிகால் வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பிரதான வடிகாலுக்கு 900 மி.மீ. குழாயா, 1200 மி.மீ. குழாயா என்று பேச்சு வந்தது. நான் 1200 கேட்டேன். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழை இன்னும் கனமாகத்தான் பெய்யும். நாம் புதைக்கும் குழாய் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணுக்குள் கிடக்கும்.

எக்செல் தாளில் ஒரு கட்டம்: டிஸ்கவுண்ட் ரேட், அதாவது பின்னால் வரும் செலவையோ சேதத்தையோ இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைக்கும் விகிதம்; எங்களுடையது 4 சதவீதம். அதைப் போட்டதும் நூறாவது ஆண்டில் 100 என்று இருந்த வெள்ளச் சேதம் இன்றைய மதிப்பில் 2 ஆகச் சுருங்கிவிட்டது. 1200 தோற்றது. "அது வரைக்கும் நாம இருக்கப்போறோமா?" என்றார் மூத்தவர் ஒருவர். யாரும் எதுவும் பேசவில்லை. நானும்தான். அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தில் நான் எதை வைத்துப் பேசுவது?

பதில் 1:
அந்த 4-ஐ இயற்கை விதி போல எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண். 2006-ல் பிரிட்டனில் வந்த ஸ்டெர்ன் அறிக்கை பருவநிலைச் சேதத்துக்குச் சுமார் 1.4 சதவீதம்தான் வைத்தது. அதில் உங்கள் 100, 2 ஆகாது, 25 ஆகும். பல பொருளாதார வல்லுநர்கள் அது ரொம்பக் குறைவு என்று சண்டை போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். ஆனால் பிரிட்டன் அரசின் திட்ட மதிப்பீட்டு வழிகாட்டியே முதல் 30 ஆண்டுக்கு 3.5 சதவீதத்தில் தொடங்கி, காலம் நீள நீளப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறது. அப்படி ஒரு வரிசையையும் உங்கள் தாளில் சேர்த்துக் காட்டுங்கள்.

பதில் 2:
நான் களத்தில் குழாய் பதிப்பவன். ரேட் பற்றிய சண்டைக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: அதே சரிவில் 1200 குழாய், 900-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் கொண்டுபோகும். விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, கொள்ளளவு இரட்டிக்கிறது. செலவு அப்படி இரட்டிக்காது. பள்ளம் தோண்டுவது, போக்குவரத்தைத் திருப்புவது, சாலையை மறுபடி போடுவது எல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னால் மாற்ற வேண்டி வந்தால் இவை அத்தனையும் முதலிலிருந்து. அப்புறம், '50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று சொல்லிக் கூட்டத்தை ஆறுதல்படுத்துவார்கள். அது 50 ஆண்டுக்குள் ஒருமுறையாவது வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

பதில் 3:
கேட்பவர் பக்கம்தான் நானும். ஆனால் 'எதிர்காலத்துக்காக' என்று எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டினால் அதுவும் எதிர்காலத்தின் தலையில்தான் விழும். கான்கிரீட்டுக்கான சிமென்ட் தயாரிப்பே பெரும் கார்பன் மூலம். லண்டனில் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு 2100 வரை போட்ட திட்டத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் இன்றே கட்டிவிடவில்லை. கடல்மட்டத்தைத் தொடர்ந்து அளக்கிறார்கள், குறிப்பிட்ட அளவைத் தொடும்போது அடுத்த கட்ட வேலை. அதற்கு வேண்டிய நிலத்தை இப்போதே ஒதுக்கி வைக்கிறார்கள். பிறகு கூட்டவே முடியாததை மட்டும் இன்று பெரிதாகப் போடுங்கள். கூட்ட முடிவதற்கு இடம் விட்டால் போதும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பதில் 3 என்னைக் கொஞ்சம் அடக்கிவிட்டது, நல்லதுதான். எங்கள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாலைக்கு அடியில் போகும் குழாய் பிறகு கூட்ட முடியாதது, அங்கே 1200-ஐ விட மாட்டேன். கடைசி 400 மீட்டர் திறந்த வாய்க்கால்; இப்போதைக்குச் சிறிதாக வெட்டிவிட்டு இரு கரையிலும் நிலத்தை விட்டுவைக்கக் கேட்கப்போகிறேன். தாளில் 4 சதவீத வரிசையை அழிக்கவில்லை. அதற்குக் கீழே குறையும் ரேட்டில் இன்னொரு வரிசை, அதற்கும் கீழே 'மறுபடி தோண்டும் செலவு'. அது இதுவரை எங்கள் தாளில் இல்லவே இல்லை. கூட்டம் வியாழக்கிழமை. முடிந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.