ஏ.டி.வி. வாங்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு: இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்

மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் அண்மையில் கனடாவுக்குச் சென்ற தம்பிமார் சிலர், ஒன்டாரியோவின் வடபகுதியில் வேலை கிடைத்திருப்பதாகவும், காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கும் விறகு இழுப்பதற்கும் சேர்த்து ஒரே ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும், கைப்பிடியால் திருப்பும் நாற்சக்கர வண்டி) வாங்க எண்ணுவதாகவும் எழுதி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அதே பகுதியில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து, மூன்று வண்டிகள் மாற்றிய பிறகு, இப்போது விடுமுறைக்கு ஹட்டனுக்கு வந்திருக்கிறேன். நேற்று கினிகத்தேனை இறக்கத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தேயிலை லொறி சென்றது. சாரதி பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே அவ்வளவு பாரத்தையும் இறக்கிக்கொண்டு போனார். உங்களுக்கு முதலில் எழுத வேண்டியது அதைப் பற்றித்தான் என்று அப்போதே தீர்மானித்தேன்.

கடையில் உங்களுக்கு எஞ்சினின் அளவையும் குதிரைவலுவையும்தான் சொல்வார்கள். தாழ்ந்த கியரும் நான்கு சக்கர இழுவையும் உள்ள 420 சி.சி. வண்டியே நீங்கள் போகக்கூடிய ஏற்றங்களில் பெரும்பாலானவற்றை ஏறிவிடும். வண்டிக்கு வண்டி உள்ள வேறுபாடு இறங்கும்போதுதான் வெளிப்படும்.

ஹொண்டாவின் ரான்சர் 420, போர்மன், ரூபிகன் ஆகியவற்றில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்த பெல்ட் கிடையாது. கார்களில் உள்ளதைப் போன்ற பற்சக்கர கியர்பெட்டியே உண்டு. கீழ் கியரில் போட்டு ஆக்சிலரேட்டர் விசையை விட்டால், எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். மற்ற நிறுவனங்களின் வண்டிகள் பெரும்பாலும் பெல்ட்டில் இயங்குபவை. அவற்றில் யமஹாவின் கிரிஸ்லி 700, 686 சி.சி. எஞ்சினைக் கொண்டது, அதன் பெல்ட் அமைப்பில் உள்ள ஒருவழிக் கிளட்ச், இறக்கத்தில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் பிடிப்பைக் கொடுக்கிறது. நான் ஓட்டியவற்றுள் மனத்துக்கு மிக நிம்மதியாக இறங்கியது அதுதான். பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570இல், பின்சக்கரங்கள் வழுக்கும்போதே முன்சக்கரங்கள் தாமாக இணைகின்றன; ஏற்றத்துக்கு அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால், நான்கு சக்கரங்களையும் பிடித்து இறக்கும் வசதி அதன் எல்லா மாதிரிகளிலும் இல்லாததால், நீங்கள் பார்க்கும் வண்டியில் அது உண்டா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் வண்டி, எஞ்சின் பிடிப்பு இல்லாத பழைய பெல்ட் வண்டி. ஒரு நாள், பீவர் என்ற கொறிவிலங்குகள் அணைகட்டித் தேக்கிய குட்டையொன்றைக் கடந்து மறுபக்கத்துப் பாறைச் சரிவில் இறங்கினேன். பிரேக் நனைந்திருந்தது; வேகம் குறைந்ததும் பெல்ட்டின் பிடி விட்டுப்போய், வண்டி தன் பாரத்தாலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பிர்ச் மரம் தடுத்திருக்காவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 300 கிலோவை ஒட்டிய நிறையுடையவை. அந்த நிறை மேலே விழுந்தால் தனி ஆளால் புரட்டி வெளியேற முடியாது. இதனால்தான் அவுஸ்திரேலியாவில், 2021 ஒக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கான புதிய நாற்சக்கர வண்டிகள் அனைத்திலும் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் காப்புச் சட்டகம் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அங்கு சென்றிருக்கும் நம்மவர்கள் பழைய வண்டி வாங்கினாலும் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பின் அச்சு. உடலுக்கு வரும் சுகமும் நோவும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன. ரான்சரின் அடிப்படை மாதிரியில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே தண்டில் நிற்கின்றன. பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் அதிகம் அமராது, பழுதும் குறைவு. விறகு இழுப்பதுதான் முதன்மை வேலை என்றால் நான் அதையே சொல்வேன். ஆனால் ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் முழு வண்டியும் சாய்வதால், அந்த அதிர்வு நேராக இடுப்புக்கு வந்து சேரும். ஸ்போர்ட்ஸ்மன் 570இல் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்; அசையும் தூரமும் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். நம் தோட்டத்துக் கல்ரோட்டில் டிராக்டர் பெட்டியில் நின்றுகொண்டு போவதற்கும் வான் வண்டியில் உட்கார்ந்து போவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் கருங்கல் பாறைகளின் மேல் ஓடும் பாதையாக இருந்தால், தனித்தனிச் சக்கர அமைப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஹொண்டாவே வேண்டும் என்பவர்களுக்கு ரூபிகனிலும் ரான்சரின் சில மாதிரிகளிலும் அந்த அமைப்புக் கிடைக்கும்.

மின்விசை ஸ்டியரிங்கை விட்டுவிடாதீர்கள். கல்லில் சக்கரம் மோதும்போது கைப்பிடி திருகுவதை அது பெருமளவு தாங்கிக்கொள்ளும். இருக்கையை மட்டும் கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாமல், கால்மிதியில் எழுந்து நின்று பாருங்கள். காட்டுப்பாதையில் பாதி நேரம் நின்றுதான் ஓட்டுவீர்கள். விசையைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும் என்பதால், குளிரில் அந்த விரல் மரத்துப்போகும். கைப்பிடிச் சூடேற்றி அங்கே அவசியப் பொருள்தான்.

டயரின் காற்றில் பலரும் தவறு செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் 30 பி.எஸ்.ஐ. அடித்துவிடாதீர்கள், இவற்றுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வரைதான், சரியான அளவு வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். காற்று கூடினால் எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய சஸ்பென்ஷனும் கல்லாகிவிடும், பிடிப்பும் போய்விடும்.

மலையில் பிறந்தவர்களுக்குச் சரிவு புதிதல்ல என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் காலுக்குத் தெரிந்த சரிவு வேறு, வண்டிக்குத் தெரிந்த சரிவு வேறு. ஆயினும் நம் அம்மாமார் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறும் விதம் இங்கே உதவும்: ஏறும்போது முன்னே சாய்வார்கள், இறங்கும்போது உடலைப் பின்னே வாங்கிக்கொள்வார்கள், குறுக்கே நடக்கும்போது மேட்டுப்பக்கம் உடலைக் கொடுப்பார்கள். வண்டியிலும் அதையே செய்ய வேண்டும். பின் ரெக்கில் கனமான பாரத்தைக் கட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறினால் முன்சக்கரம் தூக்கும். ஆகவே பாரத்தை முன்னும் பின்னும் பிரித்து, உயரமில்லாமல் கட்டுங்கள்.

ஒன்டாரியோவில் வண்டியைப் பதிவுசெய்து இலக்கத்தகடு பெற வேண்டும். சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டக் காப்புறுதியும் தலைக்கவசமும் வேண்டும். வண்டி விலையோடு இவற்றையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மேலே சொன்ன வண்டிகளின் இருக்கை நீளமாக இருந்தாலும் அது ஒருவருக்கானதுதான். ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து சாய்வதற்காகவே அந்த நீளம் விடப்பட்டிருக்கிறது. பின்னால் இன்னொருவர் அமர்ந்தால் நீங்கள் நகரவும் முடியாது, வண்டியின் நிறையும் பின் அச்சுக்குப் போய்விடும். இருவராகப் போக வேண்டுமானால், அதற்கென்றே நீளமான சட்டகத்தோடு செய்யப்படும் கான்-ஆம் அவுட்லாண்டர் மெக்ஸ் அல்லது பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் டூரிங் பாருங்கள். அவை வளைவுகளில் திரும்பக் கூடுதல் இடம் கேட்கும், ஆனால் பின்னால் இருப்பவருக்கு முதுகு சாயவும் கால் ஊன்றவும் சரியான இடம் இருக்கும். வாங்கும் முன் அந்தத் தங்கையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இருவரும் ஏறி உட்கார்ந்து, முடிந்தால் ஒரு சரிவில் இறக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.