திரைந்த பாலுக்கு ஆங்கிலத்தில் எந்த வினை?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தரம் 10 மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வீட்டில் நடந்த சிறு நிகழ்வொன்றைப் பத்து வரிகளில் எழுதிவரும்படி சென்ற கிழமை வகுப்பில் கேட்டிருந்தேன். மாலையில் கறந்த பாலைத் தாயார் மறுநாள் விடியற்காலையில் அடுப்பில் வைத்தபோது அது திரைந்துபோனதையும், தகப்பனார் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வயலுக்குப் போனதையும் ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவளுடைய வாக்கியம் ‘த மில்க் வோஸ் கேர்டில்ட் பை இட்செல்ஃப்’ என்பது. நான் அதை வெட்டிவிட்டு ‘த மில்க் பிகேம் சவர்’ என்று திருத்தினேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தத் திருத்தம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

‘கேர்டில்’ என்ற வினைக்கு என்னிடமுள்ள அகராதி ‘உறைதல், தயிராதல்’ என்று பொருள் தருகிறது. ஆனால் எங்கள் வீடுகளில் பால் உறைந்தது என்றால் சட்டியில் நல்ல தயிர் இருக்கிறது என்றுதான் பொருள். திரைந்த பாலை யாரும் தயிர் என்று சொல்வதில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையின் வினை பிழையா, என் திருத்தம் பிழையா? பால் கெட்டுப்போனதைச் சொல்ல ‘டேர்ன்’ என்ற வினையும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எழுத்து நடைக்குப் பொருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: வவுனியாவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியை அவர்களுக்கு, மாணவி தேர்ந்தெடுத்த வினை மிகச் சரியானது. பிழை வாக்கிய அமைப்பில் மட்டுமே இருக்கிறது. தமிழில் தோய்ந்தது, தோய்த்தது என்றும், உறைந்தது, உறையவைத்தது என்றும் தன்வினைக்கும் பிறவினைக்கும் நாம் வடிவத்தை மாற்றுகிறோம். ‘கேர்டில்’ இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்தில் நிற்கும். பால் தானாகத் திரைந்தால் ‘த மில்க் கேர்டில்ட்’ என்றும், தேசிக்காய்ப் புளி அதைத் திரையச் செய்தால் ‘த லைம் ஜூஸ் கேர்டில்ட் த மில்க்’ என்றும் எழுத வேண்டும். ‘வோஸ்’ சேர்த்துச் செயப்பாட்டு வினையாக்கியதும், யார் அல்லது எது திரையச் செய்தது என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. அதனாற்றான் பிள்ளை ‘பை இட்செல்ஃப்’ என்று முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ‘வோஸ்’ என்ற சொல்லையும் கடைசி இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டால் வாக்கியம் குறையின்றி நிற்கும். அடுப்பில் வைக்கும் முன்பே பால் திரைந்த நிலையில் இருந்தது என்று சொல்வதானால் ‘வோஸ் கேர்டில்ட்’ வரலாம். ஆனால் அங்கே அது பெயரடை.

உங்கள் திருத்தத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இலக்கணம் அன்று, பொருள். ‘சவர்’ என்பது பாலின் சுவையைச் சொல்கிறது, ‘கேர்டில்’ அதன் உருவத்தைச் சொல்கிறது. பாலில் உள்ள நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையை இலக்றிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச், புதுப் பாலில் ஏறத்தாழ 6.7 ஆகும், அமிலம் கூடக் கூட அது இறங்கி 4.6 அளவை அடையும்போது, பாற்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கான கேசின் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. ஆனால் சூடேற்றினால் பால் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. மூக்குக்கும் நாக்குக்கும் இன்னும் பிடிபடாத சிறு புளிப்பே போதும், கொதிக்கத் தொடங்கும்போது திரைந்துவிடும். முதலில் சட்டியின் ஓரத்தில் வெண்குருணைகள் ஒட்டும், பிறகு நடுவில் இளம்பச்சை கலந்த மஞ்சள் நீர் தெளியும். அந்தத் தாயார் அன்று விடியற்காலையில் கண்டது இதைத்தான். அவர் பாலைச் சுவைத்துப் பார்த்ததாகப் பிள்ளை எழுதவில்லையே.

நாங்கள் உறைமோர் விட்டுத் தயிர் தோய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற வினை பொருந்தும். பாற்கட்டி செய்வோர் வேண்டுமென்றே திரைய வைப்பதற்கும் ‘கேர்டில்’ வரும் என்பதால், அந்தச் சொல் எப்போதும் கேட்டைக் குறிக்கும் என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம்.

மறுமொழி 2: ஒட்டுசுட்டானிலிருந்து, பால் சேகரிப்பில் வேலை செய்யும் ஒருவர்

ரீச்சர், எங்கள் வேலையில் இந்த வேறுபாடு ஒவ்வொரு காலையும் தேவைப்படுகிறது. பட்டிகளிலிருந்து வரும் பாலில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் வைத்துப் பார்ப்போம். குழாயின் சுவரில் குருணை தெரிந்தால் அந்தப் பாலை எடுக்க முடியாது. ஆங்கிலத்தில் இச்சோதனைக்கு ‘குளொட் ஒன் பொயிலிங்’ என்று பெயர். இங்கே ‘சவர்’ என்று பதிவதும் ‘கேர்டில்ட்’ என்று பதிவதும் ஒன்றல்ல.

ஒரு முறை எங்கள் அயலில், கன்று ஈன்று இரண்டு நாளேயான பசுவின் பாலையும் ஒருவர் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். சோதனையில் பால் திரண்டது. அவருடைய பால் புளித்துவிட்டதாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டதால், இரவுப் பாலைக் கொண்டுவந்தார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. உண்மையில் அது புத்தம் புதிய பால். கடும்புப் பாலில் புரதம் மிக அதிகம். புளிப்பே இல்லாமல் சூட்டினால் மட்டும் அது திரளும். வீட்டில் அதையே பனங்கட்டி சேர்த்து விருப்பத்தோடு உண்கிறோம். ஒரு சொல்லைத் தவறாக எழுதியதால் நேர்மையான மனிதர் பல நாள் வருந்தினார். ஆகவே பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 3: முல்லைத்தீவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகள், ‘டேர்ன்’ என்ற வினையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் எவரும் மறுமொழி சொல்லவில்லை. அந்த வினையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. எங்கள் மொழியும் அதே வழியில்தான் சிந்தித்திருக்கிறது. திருக்குறளின் 1000ஆவது குறளில், பண்பில்லாதவன் பெற்ற பெருஞ்செல்வம் ‘நன்பால் கலந்தீமை யால்திரிந் தற்று’ என்கிறார் வள்ளுவர். நல்ல பால், அது இருந்த கலத்தின் குற்றத்தால் திரிந்தது. திரிதல் என்றால் திரும்புதல், தன் இயல்பிலிருந்து வேறுபடுதல். ஆங்கிலேயர் பால் ‘டேர்ன்’ ஆயிற்று என்பதும் அதே பொருளில்தான். புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலோ ‘பால்புளிப்பினும் பகல்இருளினும்’ என்று, நடக்கவே கூடாத மாற்றங்களின் வரிசையில் பால் புளிப்பதை முதலில் வைத்திருக்கிறார் புலவர். ஆகப் புளித்தலும் திரிதலும் நம்மிடம் பழைய காலத்திலிருந்தே தனித்தனியாக இருக்கின்றன. நாங்கள் வன்னியில் பேச்சில் சொல்லும் ‘திரைஞ்சு போச்சுது’ மூன்றாவது. தோலிலே சுருக்கம் விழுவதும் கடலிலே அலை சுருள்வதும் திரைதான். பால் முகம் சுருங்கிப் பிளவுபடுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

‘கேர்டில்’ பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘கேர்ட்’ என்ற பெயர்ச்சொல் முன்னர் ‘கிரட்’ என்ற வடிவில் வழங்கியது. தசை என்பது சதை என்றானதுபோல அதில் எழுத்துகள் இடம் மாறின. அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வினை உண்டாயிற்று.

மீண்டும் கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் என் நன்றி. நாளை அந்தப் பிள்ளையின் கொப்பியில் என் திருத்தத்தை அடித்து, ‘த மில்க் கேர்டில்ட்’ என்று எழுதி, வினைக்குரிய புள்ளியையும் கொடுப்பேன். ‘டேர்ன்’ தேர்வுத் தாளில் எழுதத் தகுமா என்பது மட்டும் மீதம் இருக்கிறது. ‘கேர்டில்’ இரத்தத்துக்கும் வருகிறதே, அதை எப்படித் தமிழாக்குவது?

மறுமொழி 1 எழுதியவர்

‘த மில்க் ஹேஸ் டேர்ன்ட்’ என்பது இயல்பான, எவரும் குறை சொல்லாத வாக்கியம். ஆனால் சூழல் தெளிவாக இருக்க வேண்டும். இலை நிறம் மாறுவதற்கும் இதே வினை வரும். பால் கெடத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முழுதாகக் கெடவில்லை என்று சொல்ல பிரித்தானியர் ‘ஒன் த டேர்ன்’ என்பார்கள். பேச்சில் ‘கோன் ஒஃப்’ என்பதே மிகுதி. அதைக் கட்டுரையில் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இரத்தத்துக்கு வரும்போது மட்டும் உங்கள் அகராதியின் ‘உறைதல்’ சரியாகப் பொருந்துகிறது. அச்சத்தால் இரத்தம் உறைந்தது என்றுதான் நாம் சொல்வோம், திரைந்தது என்று சொல்வதில்லை.