பியர்டியூப் சர்வரின் சுமையைப் பயனர்களோடு பகிர்வது எப்படி?

நீரோடை:
பியர்டியூப் (சொந்தமாக வீடியோ தளம் நடத்த உதவும் மென்பொருள்) ஓடும் 4 கோர், 200 ஜிபி வட்டு கொண்ட சர்வர். புது வீடியோ வந்ததும் 100 பேர் ஒன்றாகத் திறந்தால் ஓட்டம் திக்குகிறது. யாராவது பதிவேற்றினால் சிபியு முழுவதையும் டிரான்ஸ்கோடிங் (வீடியோவை வெவ்வேறு தரங்களுக்கு மாற்றுவது) விழுங்கிவிடுகிறது. பயனர்கள் பலர் கணினியும் இணைப்பும் தரத் தயார். டாரண்ட் கோப்பை இறக்கி வீட்டிலிருந்தே சீட் செய்ய (மற்றவர்களுக்குப் பகிர) சொல்லலாமா?

கல்தச்சன்:
வேண்டாம், வீண் உழைப்பு. 2023-இல் வந்த 6.0 பதிப்போடு பிளேயரிலிருந்து வெப்டாரண்ட் (பிரவுசரிலேயே டாரண்ட் முறையில் பகிரும் வசதி) நீக்கப்பட்டுவிட்டது. இப்போது எச்எல்எஸ் (வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை) துண்டுகளை மட்டுமே பிரவுசர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. டாரண்ட் சீட், டாரண்ட் வழியாக இறக்குபவருக்கு மட்டும் உதவும்.

720பி வீடியோ 2 எம்பிபிஎஸ் என்றால் 100 பேருக்கு 200 எம்பிபிஎஸ். பார்ப்பவர்களிடையே பகிர்வு நடந்தால் இது நன்றாகக் குறையும். ஆனால் ஒரே தரத்தில் பார்ப்பவர்கள்தான் ஒருவருக்கொருவர் துண்டு தர முடியும். ஐந்தாறு தரங்களை வைத்தால் கூட்டம் சிதறிப்போகும். 480பி, 720பி இரண்டு போதும். வட்டும் மிஞ்சும், டிரான்ஸ்கோடிங்கும் குறையும்.

பிளேயரில் பியர் (உங்களோடு துண்டு பகிரும் மற்றப் பார்வையாளர்) எண்ணிக்கை எப்போதும் 0 என்றால் முதலில் பியர்டியூபுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸைப் பாருங்கள். டிராக்கருக்கான (பார்ப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் சேவை) வெப்சாக்கெட் என்ற தொடர் இணைப்பின் பாதையில் 'அப்கிரேட்' ஹெடர் கடத்தப்படாவிட்டால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அது சரியாக இருந்தும் சிலருக்கு மட்டும் 0 என்றால், அவர்கள் கடுமையான NAT-க்கு (வெளியிலிருந்து நேரடி இணைப்பைத் தடுக்கும் ரவுட்டர் அமைப்பு) பின்னால் இருக்கலாம். அவர்களுக்கு வீடியோ நேரடியாகச் சர்வரிலிருந்து வரும், அவ்வளவுதான்.

விசைத்தறி:
சிபியு சிக்கலுக்கு ரிமோட் ரன்னர், அதாவது டிரான்ஸ்கோடிங்கை வேறொருவர் கணினியில் செய்யும் நிரல். 5.2 பதிப்பிலிருந்தே உண்டு. உதவ வருபவரின் கணினியில் நோட்.ஜேஎஸ், எஃப்எஃப்எம்பெக், பியர்டியூப் ரன்னர் மூன்றும் வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும் டோக்கனை (அனுமதிக் குறியீடு) கொடுத்துப் பதிவு செய்தால் போதும். ரன்னர்தான் சர்வரைத் தேடிப் போய் வேலை கேட்கிறது. ஆகவே வீட்டு ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இதை இயக்கியதும் சர்வர் தானே டிரான்ஸ்கோட் செய்வதை நிறுத்திவிடும். இரவில் எல்லாரும் கணினியை அணைத்தால் வீடியோக்கள் வரிசையிலேயே கிடக்கும். ஒரு இயந்திரமாவது எந்நேரமும் ஓட வேண்டும். அடுத்தது, ரன்னருக்கு மூலக் கோப்பு போகிறது, தனிப்பட்ட வீடியோவும் சேர்த்து. நன்கு அறிந்தவருக்கு மட்டும் டோக்கன் கொடுங்கள். அவருடைய அப்லோட் வேகத்தையும் கேளுங்கள். முடித்த கோப்பு அந்த வழியாகத்தான் திரும்ப வர வேண்டும்.

நீரோடை:
பழைய வீடியோக்களை ஒவ்வொரு நேரத்தில் ஒவ்வொருவர் பார்க்கிறார். அங்கே பகிர்வு நடக்காதே?

கல்தச்சன்:
நடக்காது. அதற்கு ரிடண்டன்சி (வேறொரு சர்வர் உங்கள் வீடியோவின் பிரதியை வைத்துக்கொண்டு வழங்குவது) இருக்கிறது. சொந்தமாகப் பியர்டியூப் சர்வர் நடத்தும் ஒருவர் உங்களைப் பின்தொடர்ந்து, தம் பக்கத்தில் உங்கள் சர்வருக்கு ரிடண்டன்சியை அனுமதிக்க வேண்டும். பிறகு தம் அமைப்புக் கோப்பில் எவற்றைப் பிரதி எடுப்பது என்ற உத்தி (அதிகம் பார்க்கப்பட்டவை, டிரெண்டிங், புதியவை), ஒதுக்கும் ஜிபி, பிரதியின் குறைந்தபட்ச ஆயுள் மூன்றையும் எழுத வேண்டும். ஆயுள் 10 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும். 48 மணி நேரம் வழக்கமானது. நீங்கள் யாருடைய பிரதியை ஏற்பது என்பதில் 'நான் பின்தொடர்பவர்கள்' என்று வைத்தால் அறியாதவர் நுழைய முடியாது, ஆனால் பிரதி எடுப்பவரை நீங்களும் பின்தொடர வேண்டும்.

வீடியோ வெளியான பிறகே பிரதி எடுக்கப்படும். எனவே முதல் ஒரு மணி நேர நெரிசலை இது தாங்காது. அங்கே பிரவுசர் பகிர்வுதான் கைகொடுக்கும். இதைக் காப்புப் பிரதியாகவும் எண்ண வேண்டாம், இடம் நிறைந்தால் பழையது அழிக்கப்படும்.

விசைத்தறி:
பகிர்வு இயங்கும்போது ஒருவரின் ஐபி முகவரி அதே வீடியோவைப் பார்க்கும் மற்றவர்களுக்குத் தெரியும். அறிமுகப் பக்கத்தில் இதை எழுதுங்கள். அணைக்கும் வழி பயனர் அமைப்பிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்து.